தண்ணீர் கொடுத்த வீடு

1937 பிப்ரவரி 8. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் மலகா நகரம் பிராங்கோவின் படையிடம் விழுந்த நாள். தப்பி ஓடிய பெருங்கூட்டம் ஒன்று கடலோரச் சாலையில் அல்மேரியாவை நோக்கி நடந்தது; கப்பல்கள் கடலிலிருந்து சுட்டன. அங்குஸ்தியாஸ் பிறந்தது அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து. ஆனாலும் அறுபத்திரண்டு வயதில் அவளைக் கூனிக்குறுக வைத்தது அந்த வாரம்தான்.

அதே சாலையில், மோத்ரீல் ஊருக்குக் கிழக்கே, பிளாஸ்டிக் கூடாரத்தில் வெள்ளரி போடுகிறவள். ஆண்டுதோறும் பிப்ரவரியில் அந்தப் பழைய வழியில் ஒரு நினைவு நடைப்பயணம் போகும். குண்டு விழுந்த பாலம், ஜனங்கள் ஒளிந்த மதகு, பெயரில்லாத புதைகுழி என்று ஒவ்வொரு இடத்திலும் நிற்பார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் பேசுவார். ஒன்பது வருடம் முன்பு, அவள் வீட்டு நீர்த்தொட்டியில் குடித்துக்கொண்டே யாரோ கேட்டார்கள்: "அப்பவும் இங்க தண்ணி குடுத்தாங்களாம்மா?"

எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. "குடுத்தாரு. எங்க தாத்தா பிராஸ்கீட்டோ."

கைதட்டினார்கள். அடுத்தடுத்த வருடங்களில் அவள் சொன்ன கதையில் தண்ணீரோடு ரொட்டியும் சேர்ந்துகொண்டது.

தாத்தா தண்ணீர் கொடுத்தது உண்மை. தங்கம் வாங்கிக்கொண்டு கொடுத்தார். அந்தப் பக்கத்தில் பெண் குழந்தை பிறந்த சில நாளிலேயே காது குத்திவிடுவார்கள். வேறெதுவும் இல்லாமல் ஓடிவந்தவர்களிடமும் குழந்தையின் காதில் பொட்டுத் தங்கம் இருந்தது. அது ஒரு புகையிலை டப்பாவில் சேர்ந்தது. வீட்டுப் பெண்களுக்கெல்லாம் முதல் கம்மல் அந்த டப்பாவிலிருந்துதான். அம்மா சாவதற்கு முன் இதைச் சொல்லியிருந்தாள்.

இந்த வருடம் தொட்டிச் சுவரில் பதிக்க நடைப்பயணக் குழு பளிங்குக் கல்லே செதுக்கிவிட்டது, தாத்தா பெயரோடு.

"அக்கா, நம்ம பேரு கல்லுல வருது. வாய மூடிக்கிட்டு நில்லு, போதும்" என்றான் தம்பி செசிலியோ.

"பொய்யிடா அது."

"யாரு வந்து கேக்கப் போறா? செத்தவங்களா?"

உயிரோடிருந்த ஒருத்தி வேனில் வந்து இறங்கினாள். திரினிதாத், எண்பத்தொன்பது வயது. அந்தச் சாலையில் அம்மாவின் கையைப் பிடித்து நடந்தவள். தண்ணீர் குடித்துவிட்டு அங்குஸ்தியாஸின் கையில் முத்தமிட்டாள்.

"உங்க தாத்தா மாதிரி ஒருத்தர் எங்களுக்குக் கெடைக்கலியேம்மா. தங்கச்சி தாகத்துலயே போயிட்டா." பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "கம்மல் அழகா இருக்கு. பழைய காலத்து வேல."

அமைப்பாளர் மார்சியால் மைக்கை நீட்டினார். "ரெண்டே வார்த்த, அக்கா. மீகாஸ் ஆறிடும், முந்நூறு பேரு பசியில நிக்கிறாங்க."

அங்குஸ்தியாஸ் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எங்க தாத்தா சும்மா குடுக்கல. கொழந்தைங்க காதுல கெடந்தத வாங்கிக்கிட்டுத்தான் குடுத்தாரு. நான் ஒம்பது வருஷமா உங்ககிட்ட பொய் சொன்னேன்."

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒருவன் குடித்துக்கொண்டிருந்த குவளையைத் தரையில் வைத்தான்.

"உன் காதுல இருக்கறதும் அதுதானா?" என்றாள் திரினிதாத்.

"ஆமா."

முந்நூறு பேர் பார்க்க அதைக் கழற்றப் போனாள். திருகு இறுகிப்போயிருந்தது, விரல் வழுக்கிற்று. திரினிதாத் காத்திருக்கவில்லை. கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். துணி விலக்காத கல்லும் அதே வேனில் போனது. செசிலியோ தொட்டிக்குப் பூட்டுப் போட்டான், அக்காவோடு பேசுவதில்லை.

வரும் பிப்ரவரியில் சாலையோரம், நகராட்சி நிலத்தில், வேறு கல் வைக்கிறார்கள். அதற்கான வாசகத்தை, தங்கம் வாங்கியதையும் விடாமல், அங்குஸ்தியாஸ் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.