ஒரே மாதிரி முறைத்த முப்பது ஆந்தைகள்

தையற்காரரின் இருபத்தெட்டு வருஷத் தொழிலில் ஒரு தையல்கூடக் கோணியதில்லை. இதை அவராகச் சொல்லிக்கொள்ள மாட்டார். அடுத்தவர் சொல்லும்வரை பேச்சை அந்தப் பக்கமே ஓட்டிக்கொண்டிருப்பார். ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் பேன்ட் அடிமடிப்பு ஒரு நூல் ஏறிவிட்டதென்று அவர் வீட்டுக்கே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரை எழுப்பி நிறுத்தி, அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு வந்தவர். அந்த மனிதர் மீதிச் சாப்பாட்டை எந்தக் கோலத்தில் சாப்பிட்டார் என்பது நமக்கு வேண்டாத விஷயம்.

இப்பேர்ப்பட்டவரின் நிம்மதியைக் கெடுக்கவென்றே கடைக்கு எதிரில் ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. அதை ஒட்டி ஒரு மருத்துவமனை. நிறுத்தத்தில் உட்கார ஒரு கல்கூடக் கிடையாது. ஆகவே காலில் கட்டுப் போட்டவர், கண்ணில் பஞ்சு வைத்தவர், ஊசி போட்டுக்கொண்டு ஒருபக்கமாக நடப்பவர், எல்லாரும் சாலையைக் கடந்து வந்து தையற்காரரின் ஒரே முக்காலியில் மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். ஒருவர் மாவுக்கட்டுப் போட்ட காலை வெட்டி வைத்திருந்த கோட்டுத் துணியின் மேல் நீட்டி, இரண்டு பஸ்களை விட்டுவிட்டு நன்றாகத் தூங்கினார்.

"அங்க ஒரு பெஞ்சு போட இந்த ஊர்ல ஒரு ஆம்பளை இல்லையா?" என்று தையற்காரர் தினமும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக் கேட்பார். தட்டு பதில் சொல்லாது. பதினைந்து வயது மகள் காதில் வாங்கிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சமூகத் தொண்டு என்று ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். ஊருக்கு உபயோகமாக ஒரு வேலை செய்ய வேண்டும். அதன் செலவைச் சொந்தக் கையால் எதையாவது செய்து விற்றுத் தேற்ற வேண்டும். அவள் கோடிட்ட இடத்தில் 'பெஞ்சு' என்று எழுதினாள். மருத்துவமனைக்காரர்கள் அனுமதி கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு. மாதக் கடைசித் திங்கட்கிழமை நடைபாதைக்குப் புது சிமென்ட் போடப் போகிறார்கள். பெஞ்சின் கால்கள் அந்த ஈரத்திலேயே இறங்கிவிட வேண்டும். காய்ந்தபின் வந்து கொத்துகிற வேலையே கூடாது.

பக்கத்துக் கடை வெல்டர் இரும்புச் சட்டத்தை இனாமாக அடித்துக் கொடுத்தார். மீதி, ஏழு பலகைகள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாக் கணக்கும் பலகையில்தான்.

மகள் கடையின் துண்டுத்துணி மூட்டையை அவிழ்த்தாள். ஜோடியில்லாமல் தனித்துப்போன பொத்தான்கள் கிடந்த டப்பாவைக் கவிழ்த்தாள். ஊசியும் கையுமாக உட்கார்ந்து, உள்ளங்கை அளவில் ஒன்றைத் தைத்து அப்பாவின் முன் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"ஆந்தைப்பா."

"ஒரு கண்ணு இங்க இருக்கு. இன்னொண்ணு எங்க போகுது?"

"அது பஸ் வருதான்னு பாக்குது."

தையற்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆந்தை திருந்தவில்லை.

நூலக வளாகத்தில் கூடிய முதல் ஞாயிற்றுச் சந்தையில் நடந்ததைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு அம்மாள் ஒரு ஆந்தையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடியே, இது என் நாத்தனாரேதான்! இப்படித்தான் ஒத்தைக் கண்ணை இடுக்கிட்டு என் சமையலைப் பார்ப்பா" என்று வாங்கினாள். ஒரு குமாஸ்தா தன் மேலதிகாரியை அடையாளம் கண்டு வாங்கி, மேஜைமேல் சுவரைப் பார்க்க வைக்கப் போவதாகச் சொன்னார். பிறகு கூட்டமே தத்தம் சொந்தக்காரர்களைத் தேட ஆரம்பித்துவிட்டது. கொண்டுபோனது அத்தனையும் தீர்ந்தது. மூன்று பலகை! அடுத்த வாரத்துக்கு மாமியார் மாதிரி இரண்டு, வீட்டுக்காரர் மாதிரி ஒன்று என்று சொல்லிவைத்துவிட்டும் போனார்கள்.

மகள் பள்ளி விட்டு வந்து வந்து ஒரே வாரத்தில் முப்பது ஆந்தை தைத்தாள். விரல் நுனியெல்லாம் ஊசிக்குத்து. வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு, கடையில் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை தையற்காரரும் முப்பது ஆந்தைகளும் தனித்து விடப்பட்டார்கள். அவர் பேன்ட் தைக்கத்தான் உட்கார்ந்தார், சத்தியமாக. ஆனால் கூடையின் விளிம்பிலிருந்து ஒன்று, பெரிய பச்சைப் பொத்தானும் சின்ன வெள்ளைப் பொத்தானுமாக, அவரையே பார்த்தது. அதன் மூக்கை மட்டும் பிரித்து நேராக்கினார். மூக்கு நேரானதும் கண்கள் சகிக்கவில்லை. கண்கள் சரியானதும் பக்கத்து ஆந்தை சகிக்கவில்லை. மதியத்துக்குள் கடைத்தெருவுக்குப் போய் ஒரே அளவில் அறுபது கறுப்புப் பொத்தான் வாங்கி வந்துவிட்டார். சாக்பீஸால் கோடு போட்டு, டேப்பால் அளந்து, மிஷினில் கொடுத்து முப்பதையும் நிமிர்த்தினார். கடைசியில் இஸ்திரி வேறு போட்டார். பொண்ணு பார்த்தால் அசந்துபோவாள் என்று நினைத்துக்கொண்டார்.

அசந்துதான் போனாள். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மேல்துணியை விலக்கினால், வேலைக்கு ஆள் எடுக்க வந்த முப்பது அதிகாரிகள் மாதிரி வரிசையாக, ஒரே மாதிரி முறைத்துக்கொண்டிருந்தன.

"என் மாமியார் எங்கம்மா?" என்று முன்பே சொல்லிவைத்த பெண் தேடினாள். இருந்த முப்பது பேரில் மாமியாரும் இல்லை, மருமகளும் இல்லை. "இதெல்லாம் கடைச் சரக்கு" என்று ஒருவர் முணுமுணுக்க, சந்தை மேற்பார்வையாளர் வந்து ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். மிஷின் தையல், முனைக்கு முனை சமமாக ஓடியிருந்தது. மேஜையில் மாட்டியிருந்த 'கையால் செய்தது' என்ற அட்டையைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு போனார். அழுகிற குழந்தைக்கென்று ஒருவர் ஒன்றை வாங்கினார். குழந்தை அதைப் பார்த்து இன்னும் ஓங்கி அழவே, திருப்பிக் கொடுத்துவிட்டார். பலகை மூன்றிலேயே நின்றது.

சந்தை கலைகிற நேரத்தில் மேஜையைத் தூக்க வந்த அப்பாவை மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருப்பா உங்களைக் கேட்டா?"

"கோணலா இருந்துச்சேம்மா."

"அது கோணல் இல்லப்பா. மூஞ்சி."

முப்பதையும் கூடையில் போட்டு மூடினாள். கத்தியிருந்தால் தையற்காரருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்னும் ஒரே ஒரு ஞாயிறு. மறுநாள் சிமென்ட். தான் கெடுத்ததைத் தானே சரிசெய்வதென்று தையற்காரர் தீர்மானித்தார். பிளேடை எடுத்து, தான் போட்ட அருமையான தையலைத் தானே பிரித்தார். ஒவ்வொரு நூலும் அறுகிறபோது பல் பிடுங்குகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி முகம் போயிற்று. பிறகு ஊசியைக் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, வேண்டுமென்றே கோணலாக ஆறு ஆந்தை தைத்தார்.

அவர் மனைவி வந்து ஆறையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, ஆறும் ஒரே பக்கம், ஒரே அளவு சாயுது. கோணலைக்கூட டேப்பு வெச்சுத்தான் தைப்பீங்களா?"

"நான் அளக்கவே இல்லடி!"

"அதான் இன்னும் மோசம்."

மகள் அந்த ஆறையும் வாங்கிப் பிரித்தாள். நிபந்தனை போட்டாள். அப்பா ஆந்தையைத் தொடக் கூடாது. வேண்டுமானால் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கலாம். கோட்டு சூட்டு தைத்த மனிதர் ஆறு நாள் நூல் கோத்தார். இரண்டு முறை, நூலை வெட்டிய நீளம் சமமாக இருக்கிறதா என்று அளந்து பார்த்தார். மகள் பார்த்த பார்வையில் டேப்பைச் சுருட்டி வைத்தார்.

பரீட்சையும் குறுக்கே வந்ததால், ஞாயிற்றுக்கிழமைக்கு இருபத்தொன்றுதான் தேறின. அவள் கணக்குப்படி மீதி நாலு பலகைக்கு இருபத்தொன்றும் விற்றாக வேண்டும். அட்டை திரும்பக் கிடைத்தது. மாமியார்கள் போனார்கள், வீட்டுக்காரர் போனார், ஒரு வாத்தியார் தன்னையே அடையாளம் தெரியாமல் வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் ஒன்றே ஒன்று மிஞ்சியது. புருவம் உச்சியில் ஏறியிருந்தது. வாய், குண்டூசிகளைக் கவ்வியது போல இறுகியிருந்தது. கழுத்தில் மஞ்சள் நாடா.

அந்த நேரம் வெல்டர் வந்தார். பார்த்தார். இடுப்பில் கைவைத்துச் சிரித்தார்.

"பாப்பா, இவரை நான் வாங்கிக்கறேன். தினம் சும்மா பாக்கறவர்தான், இன்னிக்குக் காசு குடுத்துப் பாத்துட்டுப் போறேன்."

ஏழாவது பலகை வந்தது.

"என் மூஞ்சி அப்படியா இருக்கு?" என்று வீட்டில் தையற்காரர் கேட்டார்.

"கண்ணு ரெண்டும் சரியா வந்திருக்கு" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை சிமென்ட் கொட்டினார்கள். மகளும் வெல்டரும் பெஞ்சைத் தூக்கி ஈரத்தில் இறக்கினார்கள். தையற்காரர் கடை வாசலில் இருந்தபடியே ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வலது பக்கம் இரண்டு விரற்கடை தாழ்வு. சிமென்ட் இறுக ஒரு மணி நேரமாவது ஆகும். ஒரு தூக்கு, ஒரு சின்னத் தட்டு, தீர்ந்தது வேலை. சாலையைக் கடந்து போய் பெஞ்சின் முதுகில் கைவைத்தார். மகள் கையிலிருந்த படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையற்காரர் அந்தக் கையால் பெஞ்சில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டு, திரும்பி வந்தார். அன்று முழுக்க சிமென்ட் காய்வதைப் பார்த்துக்கொண்டே ஒரு சட்டையில் காலரை இரண்டு தடவை பிரித்துத் தைத்தார்.

இரண்டு நாள் கழித்து பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் மெல்ல மெல்ல வலது மூலைக்குச் சறுக்கி, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, தத்தம் வியாதிகளைப் பற்றி உற்சாகமாகப் பேசினார்கள். முக்காலி காலியாகவே கிடந்தது. மாவுக்கட்டுக்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அண்ணே! பெஞ்சு கொஞ்சம் சாய்வா இருக்கே, யாரு போட்டது?"

தையற்காரர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"என் பொண்ணு. சாய்வுதான். பேசாம உக்காருங்க."

பக்கத்துக் கடைக் கதவுக் கம்பியில் வெல்டர் கட்டியிருந்த ஆந்தையிலிருந்து அவருடைய முகமே, புருவத்தைத் தூக்கி, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று மதியம், இருபத்தெட்டு வருஷமாகத் தெருவைப் பார்த்துக் கிடந்த தையல் மிஷினைத் தனியாளாக இழுத்து, உள்சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். அப்பாடா என்று உட்கார்ந்து, மிதியில் கால் வைத்து, நிமிர்ந்தார்.

உள்சுவரில்தான், சட்டை போட்டுப் பார்ப்பவர்களுக்காக மாட்டிய ஆளுயரக் கண்ணாடி இருந்தது. அதற்குள்ளும் அந்தப் பெஞ்சு. இப்போது இடது பக்கம் தாழ்ந்திருந்தது.