நிறுத்தியாச்சு என்று சொன்ன பக்கம்

அம்மா கிணற்றுக்குள் இறங்கி இருபது நிமிடம் ஆன பிறகுதான் எனக்குத் தெரிந்தது, நான் அவளிடம் சொன்னது பொய் என்று.

தாடிக்கொம்பைத் தாண்டி எங்கள் தோட்டம். அப்பா போன பிறகு அம்மாதான் எல்லாம் பார்க்கிறாள், பம்பு ரிப்பேர் உட்பட. கிணற்றின் பாதி ஆழத்தில் ஒரு மேடை. அதன்மேல் மோட்டாரும் பம்பும். தோட்டங்களுக்கு த்ரீ பேஸ் கரண்ட் நேரம் வைத்துத்தான் விடுவார்கள்; வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும். ஓடவிடாமல் வைக்க வேண்டுமென்றால் மேலே ஷெட்டில் பீஸ் கட்டைகளைப் பிடுங்க வேண்டும். ஒரு மழைநாளில் பிடுங்கப்போய் அம்மாவுக்கு ஷாக் அடித்தது. இனி அவள் அதைத் தொடக்கூடாது என்று அன்றே சொல்லிவிட்டு, கரண்ட் வந்தாலும் மோட்டாரை ஓடவிடாமல் இன்டர்நெட் வழியாக நிறுத்திவைக்கும் கருவி ஒன்றை வாங்கி மாட்டினேன்.

அதை இயக்கும் வெப் பக்கத்தை நானே எழுதினேன். திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கம்பெனியின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவள், இது கூடவா வராது என்கிற திமிர். ஜாவாஸ்கிரிப்டில் பத்துப் பன்னிரண்டு வரி. பொத்தானை அமுக்கினால் கருவி விற்றவர்களின் சர்வருக்கு உத்தரவு போகும், அங்கிருந்து மோட்டாருக்கு. பதில் வர நான்கைந்து விநாடி ஆகும். அதுவரை பக்கம் சும்மா நிற்பது எனக்கு அசிங்கமாகப் பட்டது. அதனால் அமுக்கிய உடனேயே ‘நிறுத்தியாச்சு’ என்று பச்சையாகக் காட்டும்படி எழுதி வைத்தேன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அழகாக இருந்தது.

அம்மாவிடம் பட்டன் போன்தான். அவள் கூப்பிடுவாள், நான் அமுக்குவேன்.

அன்று காலை பத்து மணிக்குக் கூப்பிட்டாள். “தாயி, பம்புல தண்ணி ஒழுகுது. செத்த நேரத்துல எறங்கி கயித்த மாத்திட்டு வாரேன். மோட்டார நிறுத்திரு.” சுழலும் தண்டைச் சுற்றி, ஒழுகாமலிருக்க அடைக்கும் கயிறு அது. விரலை உள்ளே விட்டுத்தான் பழையதை நோண்டி எடுக்க வேண்டும். அமுக்கினேன். பச்சை வந்தது. “நிறுத்திட்டேம்மா” என்றேன்.

பிறகு ஆபீஸ் வேலைக்காக, பிரவுசர் தன் பிழைகளை எழுதிவைக்கும் பகுதியைத் திறந்தேன். அங்கே சிவப்பில் ஒரு வரி. என் உத்தரவு வெளியே போகவேயில்லை. ஒரு முகவரியில் இருக்கும் பக்கம் இன்னொரு முகவரியில் இருக்கும் சர்வரைக் கூப்பிட்டால், அந்தச் சர்வர் அதற்குச் சம்மதம் தந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பிரவுசர் தடுத்துவிடும். போன வாரம்தான் பக்கத்தை வேறு முகவரிக்கு மாற்றியிருந்தேன். புது முகவரிக்குச் சம்மதம் வாங்க மறந்துவிட்டேன்.

இப்போது தோட்டத்தில் கரண்ட் இல்லை, பதினொரு மணிக்கு வரும். மணி பத்து இருபது.

அம்மாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை, கிணற்று மேட்டில் துண்டுக்குள் சுற்றி வைத்துவிட்டு இறங்கியிருப்பாள். பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டேன், அவர் தக்காளியோடு ஒட்டன்சத்திரம் சந்தையில் இருந்தார். பொத்தானை மறுபடி அமுக்கினேன். பச்சை. மறுபடி. பச்சை. பத்துத் தடவை அமுக்கியிருப்பேன். பத்துத் தடவையும் நிறுத்தியாச்சு, நிறுத்தியாச்சு என்றது. லேப்டாப்பைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. பிரவுசரை விட்டுவிட்டு, அதே உத்தரவை வேறு வழியில் அனுப்பியிருந்தால் போயிருக்கும். தடுத்தது பிரவுசர் மட்டும்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை, அந்த நேரத்தில் மூளைக்கு எட்டவில்லை.

ஸ்கூட்டியை எடுத்தேன். வழியெல்லாம் ஒரு டவுன் பஸ் முன்னால் ஊர்ந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே அழுதேன். அம்மாவின் விரல்களைத் தவிர வேறெதுவும் கண்ணில் வரவில்லை.

தோட்டத்துக்குள் போனதும் நேராக ஷெட்டுக்கு ஓடிப் பீஸைப் பிடுங்கினேன். அவசரத்தில் ஒன்று கீழே விழுந்து உடைந்தது. மூன்றையும் பிடுங்கிவிட்டுக் கிணற்று மேட்டுக்கு வருவதற்குள், பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடத் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டது.

எட்டிப் பார்த்தேன். அம்மா மேடையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். வலது கை பம்புக்குள் இருந்தது.

“ஏத்தா, இப்புடி எரைக்க எரைக்க ஓடியார? கரண்டு வந்துருச்சு பாரு, நம்மளது ஓடல. நீ நிறுத்துனதால தப்பிச்சேன்.”

“நான் நிறுத்தலம்மா. என் பேஜ் பொய் சொல்லிருச்சு. இப்பத்தான் பீஸப் புடுங்குனேன்.”

அம்மா கையை மெதுவாக வெளியே எடுத்தாள். கிரீஸ் அப்பிய விரல்களைச் சேலையில் துடைத்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“போன வாரமும் ரெண்டு தடவ எறங்குனேனே,” என்றாள். “அப்ப நிறுத்திருந்தியா?”

பச்சையைப் பார்த்தது ஞாபகம் இருந்தது. பக்கத்தை எந்தக் கிழமை மாற்றினேன் என்பது ஞாபகம் இல்லை.

“தெரியலம்மா,” என்றேன்.