இரண்டு பேருக்கு ஈடாக நான்

தொண்ணூறுகளின் நடுவில் ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் ஃபேக்டரி ஒன்றின் ஸ்டோரில் வேலை பார்த்தேன். சாயங்காலம் கம்பெனியின் பாஸ்கெட்பால் டீமில் ஆடுவேன். எங்கள் டீம் ஆடிய ஆட்டத்திலெல்லாம் தோற்றது. நான் ஓடி ஓடிக் கூடையில் போடுவேன். எதிரணி நெட்டையர்கள் நின்ற இடத்திலிருந்தே போட்டுவிடுவார்கள்.

டீமைக் கவனித்துக்கொண்டவர் திருச்சிக்கார அக்கவுன்ட்ஸ் ஆபீசர். ஒருநாள் பிராக்டிஸ் முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, சிமென்ட் கம்பெனில ரெண்டு சூடான்காரங்க ஆடுறாங்கல்ல, அவங்கள நமக்குத் தர்றாங்களாம். பதிலுக்கு உன்னக் கேக்குறாங்க."

"ஆடுறதுக்கு மட்டுந்தானே சார்?"

"அதெப்படிப்பா? விசாவும் மாறும். விசா குடுத்த ரெண்டு கஃபீலும் பேசி முடிச்சிட்டாங்க. நீ வளர்ற பையன், அங்க போனா நல்லா வருவ."

சரி என்று தலையாட்டினேன். வேண்டாம் என்று சொன்னால் விசாவை கேன்சல் செய்து ஊருக்கு ஏற்றிவிடுவார்களோ என்று பயம். அந்த வாரமே ஒரு பிக்கப்பில் என்னை ஏற்றினார்கள். என் பாஸ்போர்ட் டிரைவரின் சட்டைப் பையில் இருந்தது. வழியெல்லாம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு போனேன்.

அங்கேயும் ஸ்டோர் வேலைதான் என்று சொல்லியிருந்தார்கள். போட்டதோ அந்தக் கம்பெனியின் மலையடிவாரத்துக் கல் குவாரியில். முதல் நாள் சைரன் ஊதியது. எல்லோரும் ஒரு பக்கமாக ஓட, நான் தெரியாமல் எதிர்ப்பக்கம் ஓடினேன். யாரோ காலரைப் பிடித்து லாரிக்கு அடியில் இழுத்துப் போட்டான். பாறைக்கு வைத்த வெடி வெடித்தது. மேலே தகரத்தில் கற்கள் விழும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு ரூமில் கதவு சாத்தும் சத்தத்துக்கும் திடுக்கிட்டேன். ஒரு நாள் கல் சில்லு தெறித்துச் சுண்டுவிரல் வீங்கியது. எலும்பு முறியவில்லை. ஆனால் விரல் போனால் ஆட்டம் போகும், ஆட்டம் போனால் என்னை எதற்கு வைத்திருப்பார்கள் என்ற நினைப்பு தூக்கத்தைத் தின்றது.

முதல் மேட்சே என் பழைய டீமுடன். வந்த பாஸை எல்லாம் கைநழுவ விட்டேன். சூடான்காரர்கள் இருவரும் அனாயாசமாகப் பந்தைப் பறித்தார்கள். பழைய டீம் ஜெயித்து, கோர்ட்டில் குதித்தது. நான் ஆபீசரிடம் ஓடினேன்.

"சார், என்னத் திரும்பக் கூட்டிட்டுப் போங்க சார். அங்க வெடி வைக்கிறாங்க."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "கலாஸ்ப்பா. எல்லாம் முடிஞ்சுபோச்சு. எங்கையில ஒண்ணும் இல்ல" என்றார், என் கண்ணைப் பார்க்காமல்.

புது டீமின் கோச் குவாரி ஃபோர்மன், லாகூர்க்காரர். திட்டப்போகிறார் என்று தலை குனிந்து நின்றேன்.

"க்யா ஹுவா பாய்?" என்ன ஆச்சு என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"டர் லக்தா ஹை" என்றேன். பயமாக இருக்கிறது என்று ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அழுகை வந்துவிட்டது. அவர் என் வீங்கிய விரலைத் திருப்பிப் பார்த்தார். "அச்சா" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் என்னை எடைமேடைக்கு மாற்றினார். லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் வேலை. மலைக்குப் போக வேண்டியதில்லை. மெல்ல மெல்லப் பந்து மறுபடி கைக்கு அடங்கியது. சில ஆட்டங்களை ஜெயித்தும் கொடுத்தேன். ஆனாலும் தினமும் சைரன் ஊதும், வெடியில் கேபின் கண்ணாடி அதிரும். நான் நாற்காலியை விட்டிறங்கி மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வேன். லாரி டிரைவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று, சத்தம் அடங்கும்வரை அங்கேயே இருப்பேன்.