அண்ணியின் பேட்டரி அறை

என் அண்ணியிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். நானோ வீடுகளுக்கு சோலார் பேனலும் பேட்டரியும் மாட்டுகிறவன். சாயங்காலமானால் அண்ணன் கட்டிலின் இரு பக்கமும் நின்று சண்டை போடுவோம். நுரையீரல் கெட்டுப்போன அண்ணன், கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷினின் குழாயை மூக்கில் மாட்டிப் படுத்தபடி ரசிப்பார்.

“ஒரு மேகம் வந்தா போதும், தம்பியோட கரண்ட் போர்வைக்குள்ள பூந்துக்கும்” என்பார் அண்ணி.

“உங்க உலைக் குப்பையைக் காவல் காக்க எத்தனை தலைமுறை வேணும்?” என்பேன்.

ஊழியர் குடும்பங்களை உள்ளே விட்ட நாளில் நானும் போனேன், குறை கண்டுபிடிக்கத்தான். பொய் சொல்வானேன்? டர்பைன் கூடத்தில் நுழைந்ததும் உள்ளங்கால் வரை அதிர்ந்தது. வெயிலோ மழையோ, ராப்பகலாக இத்தனை ஊருக்கும் கரண்ட் இங்கிருந்தல்லவா போகிறது! பிறகு அண்ணி தன் பொறுப்பிலிருந்த அறையைத் திறந்தார். சுவருக்குச் சுவர் பேட்டரிகள்.

“இங்க எதுக்கு அண்ணி இது?”

“உலையை நிறுத்தினாலும் சூடு உடனே அடங்காது. வெளிக் கரண்ட் போச்சுன்னா, ஜெனரேட்டர் எடுக்கிற வரைக்கும் மீட்டரும் வால்வும் இதை நம்பித்தான். வாயை மூடுங்க தம்பி, ஈ போகுது.”

அம்மாடி! அவ்வளவு பெரிய ராட்சசனும் நான் மாட்டுகிற மாதிரி பெட்டிகளை நம்பித்தான் நிற்கிறான். அந்தக் காவலுக்கு என் அண்ணி!

அந்த மழைக்காலத்தில் ஒரு ராத்திரி புயல் மின்கோபுரங்களைச் சாய்த்தது. ஊர் இருண்டது, நிலையமும் நின்றது. அண்ணி உள்ளே இருந்தார். தெருவில் இடுப்பளவு தண்ணீர், அண்ணனை எங்கும் தூக்கிப் போக வழியில்லை. அவர் மூச்சுக்கு எங்கள் வீட்டு சோலார் பேட்டரிதான் கதி. சில நாளாக வெயிலே இல்லாமல் அதிலும் பாதிக்குக் கீழேதான் இருந்தது. ஃப்ரிட்ஜ், விசிறி எல்லாவற்றையும் நிறுத்தினேன்.

அண்ணி போன் செய்தார். “தாங்குமா தம்பி?”

“தாங்கணும் அண்ணி. அங்க?”

“ஜெனரேட்டர் எடுத்துடுச்சு. ஆனா நான் கிளம்ப முடியாது. அவரைப் பார்த்துக்குங்க.” குரல் உடைந்தது.

காலையில் பேட்டரியில் கடைசிக் கோடு மட்டும் மின்னியது. அப்போதுதான் மேகம் விலகியது. வெளிறிய வெயில்தான், ஆனாலும் கோடு இரண்டானது. சூரியனை வைத்துப் பிழைக்கிற நான் அன்றுதான் அதை நிமிர்ந்து பார்த்தேன்.

மதியம் வேறு லைன் வழியாகக் கரண்ட் வந்தது. அண்ணியும் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

“என்ன, ரெண்டு பேரும் ஊமையாயிட்டீங்க?” அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. “ம், சண்டையை ஆரம்பிங்க.”

“மேகத்துக்குப் பயந்த கரண்ட்...” என்று ஆரம்பித்த அண்ணி, முடிக்க முடியாமல் அழுதார்.