ஃப்ளாட்டைப் பதிந்த கேசட்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. பழவேற்காட்டில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் ஆண்கள் துபாயிலோ குவைத்திலோ இருந்தார்கள். என் வீட்டுக்காரரும் கல்யாணமான சில மாதங்களிலேயே துபாய் போனவர்தான். போனெல்லாம் ஏது அப்போது? ஊருக்கு வருகிறவர், போகிறவர் கையில் கேசட் கொடுத்தனுப்புவோம். அவர் பேசியதைக் கேட்டுவிட்டு, அதே கேசட்டின் மேலேயே நாங்கள் பேசித் திருப்பி அனுப்புவோம்.

இதில் ஒரு கொடுமை உண்டு. நான் பேசும்போது மாமியார், நாத்தனார், ஓரகத்தி எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அங்கேயோ, அவர் ரூமில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்துதான் கேட்பார்கள். அப்புறம் என்னத்தைப் பேசுவது? 'எல்லாரும் நல்லா இருக்கோம், நீங்க ஒடம்ப பாத்துக்குங்க.' அவ்வளவுதான். தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு டேப் ரெக்கார்டரை மாமியார் பக்கம் தள்ளிவிடுவேன்.

ஒருமுறை அவர் கேசட்டோடு வழவழவென்று ஒரு விளம்பரப் புத்தகமும் அனுப்பினார். மெட்ராஸில் புதிதாகக் கட்டியிருக்கும் ஃப்ளாட். லிஃப்ட், நாள் முழுக்கத் தண்ணீர், கடல் காற்று வீசும் பால்கனி என்று படம் படமாகப் போட்டிருந்தது. "இத வாங்கிட்டா நான் வந்துடுவேன். அதுக்கு மேல இங்க எனக்கு இன்னா வேல? டேப்ப எடுத்துனு போய் எல்லாத்தையும் பதிஞ்சி அனுப்பு. கொழாய தொற, லிஃப்ட்ல ஏறு, பால்கனில நில்லு. நான் காதால பாத்துக்கறேன்" என்றார். 'நான் வந்துடுவேன்' என்ற இடத்தை மட்டும் யாரும் இல்லாத நேரத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில். அந்த ஃப்ளாட் நன்றாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் துவா கேட்டுக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால், லிஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் பலகை அடித்த பள்ளம்! குழாயைத் திறந்தேன், லொக்கு லொக்கென்று இருமிவிட்டு நின்றுவிட்டது. பால்கனியிலிருந்து கையை நீட்டினால் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர். கடல் காற்று எங்கே என்று கேட்டால், "மொட்டை மாடிக்குப் போனா வரும்மா" என்கிறார் அங்கிருந்த மேனேஜர். "லிஃப்ட் அடுத்த மாசம் வந்துடும். இருக்குன்னே சொல்லிடுங்க" என்று எடுத்துக் கொடுக்கவும் செய்தார்.

ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது. 'இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் மனுஷன் வந்துவிடுவார். வாயைத் திறந்தேன், வரவில்லை. அந்த வெயிலில் வெந்து சம்பாதித்ததைக் கொண்டுவந்து இந்தப் பள்ளத்திலா போடுவது? உள்ளதை உள்ளபடி சொல்லி, குழாய் இருமலையும் பதிந்துவிட்டு டேப்பை நிறுத்தினேன்.

சாயங்காலம் பழவேற்காட்டில் இறங்கினோம். சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்க அண்ணன் டேப்பில் எதையோ அழுத்தினார். சத்தமே வரவில்லை. "பேட்டரி காலி" என்று என் ஒயர் கூடையில் வைத்துவிட்டார். நான் ஏரிக்கரையில் எறா வாங்க நின்றேன். எனக்கு வாடிக்கையாகக் கொடுக்கும் மீன்கார அக்கா, "இன்னாம்மா, மூஞ்சி சுண்டிப் போய்க்கீது? உன் வூட்டுக்காரரு எப்ப வராராம்?" என்று கேட்டதுதான் தாமதம்.

"வூடு வாங்கினாதான் வருவாராம்க்கா. எனக்கு லிஃப்ட் வேணும்னு யாரு அழுதாங்க? அவரு வந்தா போதும்க்கா. இந்த மண்ணுலயே பாய விரிச்சிப் படுத்துக்குவேன்" என்று சொல்லி, அத்தனை பேர் நடுவில் ஓவென்று அழுதுவிட்டேன். "அழுவாதம்மா, அழுவாத" என்றபடியே அந்த அக்கா எறாவை அளக்காமல் அள்ளிப் போட்டார். மறுநாள் விடிந்ததும் எங்கள் தெருக்காரர் ஒருவர் துபாய் கிளம்பினார். கேட்டுப் பார்க்கக்கூட நேரமில்லாமல் கேசட்டைக் கொடுத்தனுப்பினோம்.

அண்ணன் அழுத்தியது பதிவு பண்ணும் பொத்தான் என்பது என் வீட்டுக்காரருடைய பதில் வந்தபோதுதான் தெரிந்தது. வழக்கம்போல வீடே சுற்றி உட்கார்ந்து கேட்டது. "அந்தக் கொழா இருமினதும் ரூமே சிரிச்சிச்சி. அப்பால நீ எறா வாங்கப் போன. யாரும் சிரிக்கல. பக்கத்துக் கட்டில்காரரு எழுந்து வெளிய போய்ட்டாரு." அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்: "வேலய வுட்டுட்டேன். வரேன்." நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அடுப்படிக்கு ஓடியே போய்விட்டேன்.

சொன்னபடி வந்தார். மழைக்கு ஒழுகும் அந்த ஓட்டு வீட்டிலேயே கடைசிவரை இருந்தோம். அவர் மவுத்தாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அவர் பேசி அனுப்பிய கேசட் எல்லாவற்றின் மேலும் நாங்களே பேசி அழித்துவிட்டோம்; அந்த 'வரேன்' மேலேயும், என்றைக்கு வருகிறீர்கள் என்று கேட்டுப் பதிந்தாயிற்று. ஏரிக்கரை கேசட்டை மட்டும் எதையும் பதிய விடாமல் அவர் தன் துணிகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார்.

எப்போதாவது அதை எடுத்துப் போடுகிறேன். குழாய் இருமுகிறது, யாரோ எறா விலை பேசுகிறார்கள், 'அவரு வந்தா போதும்க்கா' என்று நான் அழுகிறேன். அன்று அதைக் கேட்டுக் கடல் தாண்டி ஓடி வர ஒருவர் இருந்தார், இன்று கேட்பதற்கு நான் மட்டும்தான் இருக்கிறேன்.