காதர் பாய் உட்கார்ந்த பெஞ்சு

சலூனில் பாதி முகம் சவரம் ஆகியிருந்தபோது, ராயப்பேட்டைக் காதர் பாய் காலமான செய்தி வந்தது. மீதிப் பாதியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். துக்க வீட்டில் என்னைப் பார்த்தவர்கள், தாடி ஏன் ஒரு கன்னத்தில் மட்டும் என்று கேட்காமல் விட்டது அவர்கள் பெருந்தன்மை.

பாய் மேஜை நாற்காலிக் கடைக்காரர். பள்ளிக்கூடங்களுக்குப் பெஞ்சு கொடுத்தவர். ஆண்டு விழாக்களில் மாலையும் கழுத்துமாக இருந்து பரிசு வழங்கியவர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவர் மூன்றாம் பாரத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பை விட்டவர் என்பது அப்போது எனக்குத்தான் தெரியும். ஏனென்றால், மாம்பலத்து மாடியறை ஒன்றில் சாயங்காலங்களில் நாங்கள் இருவரும் ஒரே வாத்தியாரிடம் மெட்ரிகுலேஷனுக்குப் படித்தோம். நான் கணக்கு வாத்தியாருக்குப் பயந்து நான்காம் பாரத்தில் ஓடிப்போனவன்.

பாய் அத்தர் பூசிக்கொண்டு அந்தப் பக்கம் மறைவதை ஊர் கவனித்துவிட்டது.

"உங்களுக்கு அங்கே சின்ன வீடு இருப்பதாகப் பேச்சு, பாய்," என்றேன்.

"பேசிக்கினு போவட்டும் சாமி. அது கௌரவம். ஆல்ஜீப்ரா படிக்கிறேன்னு தெரிஞ்சாத்தான் மானம் பூடும்."

"வீட்டுக்கார அம்மா என்ன சொல்கிறார்?"

"அவதான் அத்தர் பூசி அனுப்பறா."

அவர் சிரிக்கவில்லை. கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

தெரிந்த முகமே இருக்கக் கூடாதென்று அடையாறு பக்கம் சென்டர் கேட்டு வாங்கினோம். பரீட்சை அறைக்குள் நுழைந்தோம். பாய் கையால் பரிசு வாங்கிய பையன் ஒருவன் எழுந்து நின்றான். அவனைப் பார்த்து அறையே எழுந்தது. சூப்பரிண்டெண்டு ஓடி வந்தார்.

"வாங்கோ, வாங்கோ! பார்வையிட வந்தேளா? யாரப்பா அங்கே, தலைவருக்கு நாற்காலி போடு!"

நாற்காலி வந்தது. அதில் உட்கார்ந்துவிட்டால், பரீட்சை முடியும்வரை பெரிய மனிதராக இருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். உட்காரட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அந்தச் சந்தடியில் நானும் நழுவிவிடலாமே! பாய் ஹால் டிக்கெட்டை எடுத்தார். அதை சூப்பரிண்டெண்டிடம் நீட்டினார்.

"நாற்காலி வாணாம் சார். இந்த நம்பர் எந்தப் பெஞ்சுல கீது, காட்டுங்க."

பெஞ்சில் உடம்பை நுழைத்துக்கொண்டவர் என் பக்கம் திரும்பினார். "இத்தினி வருசமா விக்கிறேன், இவ்ளோ குறுகலா கீதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

இருவரும் கணக்கில் பெயிலானோம். இனி எந்தப் பள்ளிக்கூடம் தன்னை மேடைக்கு அழைக்கும் என்று பாய் கலங்கிப்போனார். ஒரு பள்ளிக்கூடம் அழைத்தது. பரிசுகளைக் கொடுத்து முடித்தவர் மேடையிலிருந்து சொன்னார்: "பெயிலானவங்கல்லாம் எய்ந்திருங்க, கண்ணுங்களா. நான் நின்னுகினுதான் கீறேன்."

ஒருவரும் அசையவில்லை. என் நகைச்சுவைக் கட்டுரைகளைப் படித்து என்னை பி.ஏ. என்று நம்பியிருந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். முன் வரிசையில் இருந்த நான் எழுந்தேன். அப்புறம் அங்கங்கே பெஞ்சுகள் கிறீச்சிட்டன.

மறுபடியும் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தோம். "பயமாயில்லையா, பாய்?" என்று கேட்டேன்.

"கீது சாமி. அதையும் கூட இட்டுனு வருவேன்."

அவர் சொன்னதில் நான் வைத்துக்கொள்வது இதைத்தான். வருகிற மார்ச் பரீட்சைக்கு நான் அந்தப் பயத்தை இட்டுக்கொண்டு போகிறேன். கூட வருவதற்கு இந்தத் தடவை வேறு ஆள் இல்லை.