பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குப் பூமுடி

பிளஸ் டூவோடு படிப்பு நின்று, அண்ணாமலை நகரில் ஒரு மெஸ்ஸில் பரிமாறிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மைதானத்தில் காலேஜ் பையன்கள் பேஸ்பால் ஆடுவார்கள். வெளியே வந்து விழும் பந்தை எடுத்து எறிவேன். அந்த வீச்சைப் பார்த்துத்தான் கோச் என்னைச் சேர்த்துக்கொண்டார். பெருமாள் புண்ணியத்தில் அதே கை என்னை இந்திய அணி வரைக்கும் கொண்டுபோனது. இலங்கைக்குப் போனோம்.

அங்கே ஒரு ஆட்டத்திலும் என்னை இறக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் எறிகிறவர்களுக்குக் கை சூடேறப் பந்து பிடித்துக் கொடுத்தேன். தண்ணி கொண்டுபோனேன். மீதி நேரமெல்லாம் பெஞ்சுதான்.

கடலூர் திரும்பினால் ஸ்டேஷன் வாசலிலேயே மேளம். தங்கச்சி வீட்டுக்காரர் ஃபிளெக்ஸ் அடித்து வைத்திருந்தார். அதில் என் கையில் கிரிக்கெட் மட்டை.

"மச்சான், இது வேற மட்டை."

"எவனுக்குத் தெரியப் போவுது? மாலையப் போட்டுக்கினு சும்மா நில்லு."

நின்றேன். எத்தனை ரன் என்று கேட்டவர்களிடம் சிரித்துச் சமாளித்தேன்.

மறுநாள் விடிந்ததும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். நான் இந்தியச் சட்டை போட்டு ஆடிவிட்டால் தான் மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டியிருந்தாள். இடுப்பைத் தாண்டின முடி. கொண்டையை அவிழ்த்துவிட்டு நாவிதர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் தண்ணியைக் கையில் எடுத்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா, நான் ஆடலே."

"என்னாடா சொல்ற?"

"எறக்கவே இல்லம்மா. ஒக்காந்துதான் இருந்தேன்."

"சட்டையாவது குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"அப்பறம் எதுக்குடா நேத்து மாலைய வாங்கிக்கின?"

அம்மா நாவிதர் பக்கம் திரும்பினாள். "பூமுடி மட்டும் எடுப்பா. சட்டைக்கு அது போதும். மிச்சம் இவன் எறங்கி ஆடனப்பறம்."

அவர் நுனியில் கொஞ்சம் கத்தரித்தார். வரிசையில் நின்ற ஒரு அம்மாள், "ஏன், புள்ள பாஸாவலியா?" என்றாள்.

"சப்ளிமென்டரி எழுதுவான்" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையே நிமிர்த்தவில்லை.

அதற்கப்புறம் என் தோள்பட்டை போய்விட்டது. யாரும் கூப்பிடவில்லை. இன்றைக்கும் சன்னதியில் பெருமாள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம். பாதத்தைச் சேவித்துவிட்டு வந்துவிடுவேன்.

அம்மாவுக்கு முடி வெளுத்து மெலிந்துவிட்டது. சீப்பில் வந்ததை உருவி விரலில் சுற்றிக்கொண்டே, "பெருமாளுது கொட்டிக்கினே போவுதுடா" என்பாள். கோபமாக இல்லை, சும்மாதான் சொல்கிறாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விடுவேன்.